ஒற்றைக் கயிற்று முன்பாய்: சிறு பாய்ப்படகு வைத்திருப்போருக்கு ஒரு திறந்த மடல்

தமிழகக் கடலோரத்தில் சிறு பயணப் பாய்ப்படகு வைத்திருக்கும் உங்களுக்கும், அவற்றுக்கு இடம் தரும் சங்கங்களின் பொறுப்பாளர்களுக்கும் இந்த மடல்.

தானாகப் பக்கம் மாறும் முன்பாய் என்பது, பாய்மரத்துக்கு முன்னால் உள்ள பாயை ஒரே கயிற்றில் ஆளும் ஏற்பாடு. மரத்துக்குச் சற்று முன்னே, படகின் குறுக்காக, வளைந்த தண்டவாளம் ஒன்று மேல்தளத்தில் பதிக்கப்படுகிறது. அதில் ஒரு சிறு வண்டி இடமும் வலமும் ஓடும். பாயின் பின்முனையைப் பிடிக்கும் கயிறு அந்த வண்டியின் கப்பி வழியாகப் போகிறது. எதிர்காற்றில் படகு மூக்கைத் திருப்பும்போது காற்றே பாயை மறுபக்கம் தள்ளும். வண்டியும் கூடவே ஓடிப்போய் அந்தப் பக்கத்தில் நிற்கும். சுக்கான் பிடித்திருப்பவர் சுக்கானைத் தவிர வேறெதையும் தொட வேண்டியதில்லை.

உங்கள் படகில் ஜெனோவா இருந்தால் இதே திருப்பத்துக்கு எத்தனை வேலை என்பது உங்களுக்குத் தெரியும். மரத்தையும் தாண்டிப் பின்னால் நீளும் அந்தப் பெரிய பாய்க்கு இரண்டு கயிறுகள், இரண்டு வின்ச்சுகள். ஒருவர் சுக்கானைத் திருப்ப, இன்னொருவர் ஒரு பக்கக் கயிற்றை அவிழ்த்துவிட்டு, பாய் மரத்தில் உரசிக்கொண்டு மறுபக்கம் வந்ததும் அந்தப் பக்கக் கயிற்றை இழுத்து, வின்ச்சைச் சுற்றி இறுக்க வேண்டும். ஒரு நொடி தாமதித்தால் பாய் காற்றைப் பிடித்துக்கொள்ளும். பிறகு இழுப்பதற்கு இரட்டிப்புப் பலம் வேண்டும். துறைமுக வாய்க்குள் எதிர்காற்றில் நுழையும்போது இதைச் சில நிமிடத்துக்கு ஒருமுறை செய்தாக வேண்டும். "ஆள் கிடைக்கவில்லை, அதனால் படகை எடுக்கவில்லை" என்ற பேச்சு இங்கேதான் பிறக்கிறது. படகு கரையில் காய்வதற்குக் காரணம் ஆள் பஞ்சம் என்கிறீர்கள். படகின் முன்பாய்தான் அத்தனை ஆளைக் கேட்கிறது என்பதை நீங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பாக் நீரிணைக் கரையின் மரபுப் பாய்மர வள்ளங்களும் ஆள் கேட்டவைதான். தொண்டிப் பக்கம் நடக்கும் பாய்மரப் படகுப் போட்டிகளில், படகு சாயாமல் இருக்கக் குறுக்குப் பலகையின் நுனிவரை ஏறி நிற்பவர்களைக் காணலாம். அவற்றின் பாய் ஒரு நீண்ட சாய்ந்த மரத்தில் தொங்குகிறது. அந்த மரத்தைப் பாய்மரத்தின் மறுபக்கம் கொண்டுபோவது பல கைகள் கூடிச் செய்யும் வேலை. அந்தக் கரைகளில் அத்தனை கைகள் இருந்தன. தொழிலே அதுவாக இருந்ததால் அந்த ஏற்பாடு அங்கே பொருந்தியது. ஞாயிற்றுக்கிழமை கணவனும் மனைவியுமாகவோ, தந்தையும் மகளுமாகவோ கடலுக்குப் போக நினைக்கும் உங்கள் படகுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

தானாக மாறும் முன்பாய் புதிதும் அன்று, தமிழர் காணாததும் அன்று. ஜூலியன் பெத்வெயிட் வடிவமைத்து, 2000 முதல் ஒலிம்பிக்கில் ஓடிவரும் ஃபார்ட்டிநைனர் வகைப் படகின் முன்பாய் தானாகப் பக்கம் மாறுவதுதான். சென்னையில் பயின்ற கே.சி. கணபதியும் வருண் தக்கரும் 2018 ஆசிய விளையாட்டுப் போட்டியில் வெண்கலம் வென்றது அந்த வகைப் படகில். அதே போட்டியில் சென்னையின் வர்ஷா கௌதம், ஷ்வேதா ஷெர்வேகருடன் சேர்ந்து வெள்ளி வென்றது அதன் மகளிர் வடிவில். அதில் இருப்பவர்கள் இருவர்; இருவரும் திருப்பத்தின்போது படகின் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் பாய்ந்தாக வேண்டும். முன்பாய்க்கு ஒரு கை ஒதுக்க அங்கே வழியில்லை, அதனால் பாயே தன்னைப் பார்த்துக்கொள்கிறது. பயணப் படகுகளிலும் ஜெர்மனியின் ஹான்ஸே நிறுவனம் இதை நெடுங்காலமாகத் தன் படகுகளின் வழக்கமான பாயாகவே கொடுத்துவருகிறது. 1911-இல் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பின் காலம் தொட்டுப் பாய்ப்படகு ஓடும் நகரம் சென்னை. பந்தயப் படகில் அங்கே பழகிய ஒன்றைப் பயணப் படகுக்குக் கொண்டுவருவது பெரிய தாவல் அன்று.

இந்த மடல் எழுதப்படும் கெங்குவார்பட்டியில் கடல் இல்லை. கொடைக்கானல் மலையின் அடிவாரம், பக்கத்தில் மஞ்சளாறு அணை, சுற்றிலும் தோப்பும் வயலும். ஆனால் காற்று உண்டு. தென்மேற்குப் பருவத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய்கள் வழியாக இறங்கும் காற்று தேனி மாவட்டத்தில் காற்றாலைகளைச் சுழற்றும் அளவுக்கு வலுவானது. ஆடி மாதத்தில் அது எந்தப் பக்கம் திரும்பும், எப்போது ஓங்கும், எப்போது அடங்கும் என்பது இங்கே வளரும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இத்தகைய ஊர்களிலிருந்து படிப்புக்கும் வேலைக்கும் கடலோர நகரங்களுக்கு வருபவர்களில் சிலர் பாய்ப்படகைத் தேடியும் வருகிறார்கள். அவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் கயிறு இழுக்கும் வேலை. சுக்கான் கைக்கு வர நெடுநாள் ஆகிறது. கயிறு இழுக்க ஆள் தேவைப்படாத படகில் வந்தவரைச் சுக்கானில்தான் உட்கார வைக்க முடியும். இந்த மடலின் கோரிக்கை அங்கிருந்து எழுகிறது. கோரிக்கை உங்கள் படகில் வேலையாக மாற வேண்டுமானால், செய்முறையையும் அதன் குறைகளையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

முதல் குறை பரப்பளவு. பாய்மரத்தில் 10 மீட்டர் உயரத்தில் கட்டிய, முன்பாயைத் தாங்கும் முன்கம்பி, மரத்திலிருந்து 3 மீட்டர் முன்னே தளத்தில் இறங்கும் ஒரு படகை எடுத்துக்கொண்டால், கம்பிக்கும் மரத்துக்கும் இடைப்பட்ட முக்கோணம் 15 சதுர மீட்டர். 140 விழுக்காடு ஜெனோவா அங்கே 21 சதுர மீட்டர் வரும். தானாக மாறும் பாய் மரத்தைத் தொடாமல் முன்னாலேயே நின்றுவிட வேண்டியதால் 12, 13 சதுர மீட்டருக்கு மேல் வராது. மென்காற்றில் இந்த இழப்பு நன்றாகவே தெரியும். மரத்துக்குப் பின்னுள்ள பெரும்பாய் சிறிதாகவும் முன்பாய் பெரிதாகவும் அமைந்த, முன்கம்பி மர உச்சி வரை போகும் பழைய படகுகளில் இழப்பு அதிகம். பெரும்பாய் பெரிதாக உள்ள படகுகளில் குறைவு. உங்கள் படகு முதல் வகை என்றால், காலை மென்காற்றுக்கென்று தனியாக ஒரு ஜெனக்கரோ பழைய ஜெனோவாவோ வைத்துக்கொள்ளாமல் இந்த மாற்றத்தில் இறங்க வேண்டாம். பிற்பகல் கடற்காற்று எழுந்தபின் ஜெனோவாவை எப்படியும் பாதி சுருட்டித்தான் ஓட்டுகிறீர்கள். அந்த நேரத்தில் முழுதாக விரிந்த சிறு பாய், பாதி சுருட்டிய பெரிய பாயைவிட நல்ல வடிவத்தோடு நிற்கும்.

அடுத்து பார்க்க வேண்டியது இடம். மரத்துக்கு முன்னால் தண்டவாளம் போக வேண்டிய இடத்தில் தளத்துத் திறப்பு, காற்றுக் குழாய், கைப்பிடிக் கம்பி எது இருந்தாலும் சிக்கல். அதைவிடப் பெரிய சிக்கல், மரத்தின் நடுவிலிருந்து முன்பக்கமாக இறங்கும் துணைக்கம்பிகள். பழைய சிறு படகுகள் பலவற்றில் இவை உண்டு. பாயும் அதன் பின்முனையும் இவற்றுக்கு முன்னாலேயே குறுக்கே போய்வர வேண்டும். அப்படி இடம் விட்டால் பாய் மிகச் சிறிதாகிவிடும் என்றால், அந்தப் படகுக்கு இந்த ஏற்பாடு ஏற்றதன்று. அந்தக் கம்பிகளை எடுத்துவிட்டால் போயிற்று என்று எவரும் துணிய வேண்டாம். மரத்தை நேராக நிறுத்துவதில் அவற்றுக்குப் பங்கு உண்டு.

தண்டவாளத்தின் வளைவில்தான் பல முயற்சிகள் கெடுகின்றன. பாய் சுழலும் அச்சு முன்கம்பி. ஆகவே வண்டி எந்தப் பக்கம் இருந்தாலும் கம்பியின் அடியிலிருந்து அதன் தூரம் மாறக் கூடாது. மேலிருந்து பார்த்தால் தண்டவாளம், கம்பியை மையமாகக் கொண்ட வட்டத்தின் ஒரு துண்டாக இருக்க வேண்டும். ஆனால் கம்பி செங்குத்தாக நிற்பதில்லை, பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறது. சாய்ந்த கீலில் தொங்கும் கதவைத் தள்ளினால் அது நடுவில் தாழ்ந்தும் இருபுறமும் சற்று உயர்ந்தும் போவது போல, பாயின் பின்முனையும் நடுக்கோட்டில் தாழ்ந்து, ஓரங்களில் உயர விரும்புகிறது. மேலே சொன்ன படகில் கம்பியிலிருந்து 2.7 மீட்டர் தொலைவில் தண்டவாளம் அமைந்து, வண்டி இருபுறமும் 12 பாகை வரை போகுமானால், முனைகள் நடுவைவிட ஏறத்தாழ 6 சென்டிமீட்டர் முன்னேயும் 2 சென்டிமீட்டர் மேலேயும் இருக்க வேண்டும். படகின் மேல்தளமோ நடுவில் மேடாகவும் ஓரங்களில் சரிவாகவும் இருக்கும். தளத்தோடு ஒட்டி அப்படியே பதித்தால் ஓரத்துக்குப் போகப் போகக் கயிறு இறுகும். வண்டி முழுதாக வெளியே போகாமல் நடுப்பக்கமாகவே நிற்கப் பார்க்கும். பாய் அளவுக்கு மீறி இறுகிக் காற்றைத் திணறடிக்கும். ஆகவே முனைகளுக்கு அடியில் மேடைக் கட்டைகள் வைத்து உயர்த்துங்கள், அல்லது அந்த வளைவுக்கே வளைத்த தண்டவாளத்தை வாங்குங்கள். வாங்குமுன் ஒரு மெல்லிய மரச்சட்டத்தை வளைத்து வைத்து, பழைய பாயின் மேல்முனையிலிருந்து ஒரு கயிற்றைக் கட்டி இருபுறமும் அளந்து பார்ப்பது ஒரு மாலை வேலைதான்.

கயிற்றின் வழியும் அதே கணக்கைச் சார்ந்தது. பின்முனையிலிருந்து இறங்கும் கயிறு வண்டியின் கப்பியில் திரும்பி, முன்னோக்கி ஓடி, முன்கம்பியின் அடியருகே உள்ள இன்னொரு கப்பியில் மீண்டும் திரும்பி, தளத்தின் ஓரமாகச் சுக்கான் இருக்கைக்கு வருகிறது. பின்னால் போக வேண்டிய கயிற்றை எதற்கு முன்னால் கொண்டுபோகிறார்கள் என்று தோன்றும். வண்டிக்கும் கம்பியடிக்கும் உள்ள தூரம் எந்த நிலையிலும் மாறாதது. அதனால் வண்டி ஓடும்போது கயிறு இறுகுவதுமில்லை, தளர்வதுமில்லை. கயிற்றை வண்டியிலிருந்து நேரே பின்னால் கொண்டுவந்தால் ஒவ்வொரு திருப்பத்திலும் அதை விட்டு இழுக்க வேண்டிவரும். ஏற்பாட்டின் பயனே போய்விடும்.

பலத்தைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். 12 சதுர மீட்டர் பாயில் 20 நாட் காற்று அடிக்கும்போது கயிற்றில் ஏறத்தாழ 100 கிலோ இழுவை வரும். காற்று இரு மடங்கானால் இழுவை நான்கு மடங்காகும். கயிறு வண்டியில் செங்கோணமாகத் திரும்புவதால் வண்டியின் மேல் விழுவது 100 அன்று, 140 கிலோ. அதுவும் மேல்நோக்கியும் முன்னோக்கியும் சேர்ந்து இழுக்கும். மர ஆணியோ மேலிருந்து முறுக்கும் திருகாணியோ இங்கே உதவாது. துளை முழுவதும் ஊடுருவும் போல்ட், அடியில் அகலமான தகடு, உப்புக் காற்றைத் தாங்கும் 316 வகைத் துருவேறா எஃகு ஆகியவை வேண்டும். ஃபைபர் தளத்தின் இரு தோல்களுக்கு நடுவே பால்சா மரமோ நுரையோ இருந்தால், ஒவ்வொரு துளையையும் பெரிதாக்கி, உள்ளே உள்ளதைச் சுரண்டி எடுத்து, எபாக்ஸி நிரப்பி இறுகவிட்டு, அதன் நடுவே மறுபடி துளையிட வேண்டும். இதைத் தவிர்த்தால் போல்ட் வழியாக மழைநீர் இறங்கி நடுப்பொருள் அழுகிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையைச் சந்திக்கும் கிழக்குக் கரையில் இந்தத் தவறு சீக்கிரமே வெளியே தெரியும்.

பாயைப் பொறுத்தவரை, பழைய ஜெனோவாவை வெட்டிச் சிறிதாக்கலாம். ஆனால் நீண்டு தளர்ந்த துணியில் நல்ல வடிவம் வராது. புதிதாகத் தைப்பதே மேல். பின் ஓரத்தை உள்வாங்கி வெட்டினால் பரப்பு இன்னும் குறையும். வெளியே தள்ளி வெட்டினால் ஓரம் படபடக்கும். அதற்காக முன்கம்பிக்கு இணையாக நிற்கும் சட்டங்களை வைத்துத் தைக்கிறார்கள். பாயைக் கம்பியில் சுருட்டும்போது அவையும் தடையின்றிச் சுருளும். பின்முனையில் பல துளைகள் கொண்ட தகட்டைக் கேட்டு வாங்குங்கள். ஜெனோவாவில் கப்பியை முன்னும் பின்னும் நகர்த்திப் பாயின் வடிவை மாற்றுவீர்கள். இங்கே தண்டவாளம் குறுக்கே மட்டுமே இருப்பதால் அந்த வேலையை இந்தத் துளைகள்தாம் செய்கின்றன. பின் துளையில் கட்டினால் பின் ஓரம் இறுகும். முன் துளையில் கட்டினால் அடி ஓரம் இறுகி மேற்பகுதி திறக்கும். ஓங்கு காற்றில் முன் துளை நல்லது.

இரண்டாவது குறை, காற்று பக்கவாட்டிலும் பின்னாலும் வரும்போது. கயிற்றைத் தளர்த்தியதும் பின்முனை மேலெழுந்து, பாயின் மேற்பாதி முறுக்கிக்கொண்டு காற்றை வீணாக்கும். தண்டவாளம் குறுகியது என்பதால் வண்டியால் இதைத் தடுக்க முடியாது. படகின் விளிம்பிலிருந்து இன்னொரு கயிற்றைப் பின்முனையில் மாட்டி வெளியேயும் கீழேயும் இழுப்பது எளிய தீர்வு. நீண்ட ஓட்டத்தில் ஒருமுறை மாட்டினால் போதும். இன்னொரு தீர்வு, பாயின் அடியில் கிடையாக ஒரு கட்டை பொருத்துவது. பழைய தொழிற்படகுகளில் இருந்த வழக்கம் இது. கேரி ஹாய்ட் என்ற அமெரிக்கர் தளத்தில் ஊன்றிச் சுழலும் வளைகட்டையாக இதைத் திருத்தினார். எந்தத் திசைக் காற்றிலும் பாயின் அடி ஓரத்தைக் கட்டை இழுத்துப் பிடிப்பதால் முறுக்கு இல்லை, தண்டவாளமும் வேண்டாம். ஆனால் முன்தளத்தில் நிற்பவரின் காலைத் தட்டும் கட்டை அது; நங்கூரம் போடுமிடத்தில் கவனம் வேண்டும்.

மூன்றாவது குறை பாதுகாப்பைப் பற்றியது, அதைச் சொல்லாமல் விட முடியாது. கடல் கொந்தளிக்கும்போது படகை நிறுத்தி மிதக்கவிட, முன்பாயைக் காற்றுப் பக்கமே பிடித்துவைத்து, பெரும்பாயும் சுக்கானும் அதற்கு எதிராக வேலை செய்யும்படி விடுவது வழக்கம். அலை மிகுந்த இடத்தில் திருப்பம் பாதியில் நின்றுபோனால் மூக்கைத் தள்ளிக் கொடுப்பதும் இதே உத்திதான். தானாக மாறும் பாய் காற்றுப் பக்கம் நிற்காது, ஓடிவிடும். ஆகவே தண்டவாளத்தின் இரு முனைகளிலிருந்தும் வண்டிக்குப் பூட்டுக் கயிறு வைத்து, அதைச் சுக்கான் இருக்கையிலிருந்தே இழுக்கும்படி அமையுங்கள். வண்டியை இருந்த பக்கத்திலேயே பூட்டிவிட்டுத் திரும்பினால் பாய் காற்றுப் பக்கம் நின்றுவிடும். இந்தக் கயிறு இல்லாத ஏற்பாட்டை முடிந்த வேலையாக ஏற்காதீர்கள்.

இத்தனை குறையும் வேலையும் உள்ள ஒன்றை எதற்காகப் பொருத்த வேண்டும் என்ற கேள்விக்கு ஒரு பதில் போதும். இருவர் மட்டும் உள்ள படகில் ஒருவர் கடலில் விழுந்தால், மீதமிருப்பவர் ஒரே ஆள். அவர் கண்ணை விழுந்தவர் மேல் வைத்தபடி படகைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். ஜெனோவாவோடு போராடுபவருக்குப் பார்வையைத் தண்ணீரில் வைத்திருக்க முடியாது. ஒற்றைக் கயிற்றுப் பாயில் சுக்கானைத் திருப்பினால் படகு திரும்பும். பூட்டுக் கயிற்றை இழுத்துவிட்டுத் திருப்பினால் படகு நிற்கும். உங்கள் வீட்டாரை ஏற்றிக்கொண்டு போகும் படகுக்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை.

குறைந்த கைகளால் பெருங்கடலைக் கடக்கலாம் என்பதும் இனி வாதத்துக்குரியதன்று. புதுச்சேரியைச் சேர்ந்த கடற்படை அதிகாரி ரூபா அழகிரிசாமி, உடன் பணிபுரியும் தில்னாவோடு, 56 அடி நீளமுள்ள தாரிணி என்ற பாய்ப்படகில் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து புறப்பட்டு, உலகைச் சுற்றி, 2025 மே 29 அன்று திரும்பினார். இருவரே இருந்த படகு அது. அவர்களுக்கு இருந்த பயிற்சி உங்களுக்கு இல்லாமல் இருக்கலாம். உங்கள் படகு அதில் பாதி நீளமே என்பதையும், நீங்கள் போவது புதுச்சேரி வரையோ இராமேசுவரம் வரையோதான் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

ஆகவே இம்மடல் உங்களிடம் கேட்பவை இவை. உங்கள் படகின் முன்பாய் கிழிந்து புதிதாகத் தைக்க வேண்டிய நாள் வரும்போது, பழைய அளவையே எழுதி அனுப்பாமல், தண்டவாளம் வைக்க இடமும் படகின் பாய் அமைப்பும் ஏற்கின்றனவா என்று முதலில் அளந்து பாருங்கள். ஏற்றால் ஒற்றைக் கயிற்றுப் பாயைத் தையுங்கள். சங்கங்களின் பொறுப்பாளர்கள் பயிற்சிக்கு வைத்திருக்கும் பயணப் படகுகளில் ஒன்றையாவது இப்படி மாற்ற வேண்டும். தண்டவாளம், கப்பி, வண்டி ஆகியவற்றை வெளியூரிலிருந்து வரவழைக்க வேண்டியிருப்பதால், பல படகுக்காரர்கள் கூடி ஒரே முறையில் வாங்கினால் ஏற்றுக் கூலி குறையும். மாற்றிய படகின் அளவுகள், வளைவு, போல்ட் இடங்கள், பாயின் வரைபடம் எல்லாவற்றையும் எழுதி, கேட்கும் எவருக்கும் கொடுங்கள். அடுத்த படகுக்காரர் முதலிலிருந்து தொடங்கக் கூடாது. அந்தப் பயிற்சிப் படகில், கடலில்லாத ஊர்களிலிருந்து வரும் புதியவர்களை முதல் நாளே சுக்கானில் அமர்த்துங்கள்.

அன்புடன்,
கெங்குவார்பட்டியிலிருந்து